ரியாக்டிவ் என்று ரிப்போர்ட் வந்தால்: ஹெபடைடிஸ் சி கேள்வி-பதில்

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி (சுருக்கமாக எச்.சி.வி.) பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'எங்கே போவது, யாரைக் கேட்பது' என்பதுதான் கேள்வி. மருந்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. அதனால் வழி கேட்டவர்களுக்கு முதலில் பதில்.

கே: முகாமில் ரத்ததானம் செய்தேன். பிறகு ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, 'எச்.சி.வி. ரியாக்டிவ், டாக்டரைப் பாருங்கள்' என்றார்கள். எந்த டாக்டர் என்று சொல்லவில்லை. (கரூர் வாசகர்)

ப: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கியது. அதன்கீழ் சோதனையும் மாத்திரையும் இலவசம். ஓ.பி. சீட்டு போடும்போதே 'வைரல் ஹெபடைடிஸ் சிகிச்சை மையம் எங்கே' என்று கேளுங்கள். 'காமாலை டாக்டர்' என்று கேட்டால் வேறு வரிசையில் நிறுத்திவிடுவார்கள். அங்கே மையம் இல்லையென்றால் எந்த ஊரில் இருக்கிறது என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். 104-க்கு போன் செய்தும் கேட்கலாம்.

ரத்த வங்கியில் பார்ப்பது பெரும்பாலும் ஆன்டிபாடிதான், அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருள். கிருமி இப்போது உடம்பில் இருந்தாலும் அது ரியாக்டிவ் வரும், எப்போதோ வந்து போயிருந்தாலும் வரும், சில நேரம் ஒன்றுமே இல்லாமலும் வரும். தொற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆறு மாதத்துக்குள் கிருமி தானாகவே போய்விடுகிறது. இப்போது இருக்கிறதா என்று சொல்வது, கிருமியையே நேரடியாகத் தேடும் எச்.சி.வி. ஆர்.என்.ஏ. சோதனைதான். அதைப் பார்க்கும் வரை 'எனக்கு ஹெபடைடிஸ் சி' என்று நீங்களும் சொல்ல வேண்டாம், அடுத்தவரையும் சொல்ல விடவேண்டாம். அதே ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி-க்கான எச்.பி.எஸ்.ஏ.ஜி.யையும் பார்த்துவிடுங்கள். காரணம் கீழே.

கே: எனக்கு ஹெபடைடிஸ் பாசிட்டிவ். என்னென்ன சாப்பிடலாம்? உடனே பதில் தரவும்.

ப: ஏ-யா, பி-யா, சி-யா, ஈ-யா? வயது என்ன, எந்தச் சோதனை, எப்போது எடுத்தது? ரிப்போர்ட்டின் போட்டோ அனுப்பியிருக்கிறீர்கள், அதில் தெரிவது லேபின் பெயரும் பார்கோடும் மட்டும். முழுப் பக்கத்தையும் அனுப்புங்கள். அதுவரை ஒன்றே ஒன்று: மதுவைத் தொடாதீர்கள்.

கே: அப்பாவுக்கு ஹெபடைடிஸ் சி உறுதியாகிவிட்டது. இணையத்தில் தேடினால் 48 வாரம் ஊசி, முடி கொட்டும், மனச்சோர்வு வரும், பாதிப் பேருக்குத்தான் குணமாகும் என்றெல்லாம் வருகிறது. படிக்கவே பயமாக இருக்கிறது. எதை நம்புவது? (மதுரை வாசகி)

ப: நீங்கள் படித்தது பொய்யில்லை, பழையது. அது இன்டர்ஃபெரான் என்ற ஊசி காலத்துக் கதை. 2013 கடைசியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் வந்தது. மாத்திரை ஒன்று 1,000 டாலர் என்று உலகமே திட்டித் தீர்த்த மருந்து அது. 2014-இல் இந்தியக் கம்பெனிகளுக்கு உரிமம் கிடைத்து, 2015-லிருந்து இங்கேயே தயாராகிறது. இப்போது சோஃபோஸ்புவிரோடு டக்ளாடஸ்விர் அல்லது வெல்படஸ்விர், தினம் ஒரு வேளை, பெரும்பாலோருக்கு 12 வாரம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணமாகிறது. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) முற்றியவர்களுக்கு மட்டும் ரிபாவிரின் என்ற இன்னொரு மருந்தைச் சேர்ப்பதோ, சிகிச்சை நாட்களைக் கூட்டுவதோ உண்டு.

அதனால் எதைப் படித்தாலும் முதலில் தேதியைப் பாருங்கள். தேதி இல்லாத பக்கத்தையும், ஊசிதான் சிகிச்சை என்கிற பக்கத்தையும் மூடிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஹெபடைடிஸ் சி பக்கம், நம் தேசியத் திட்டத்தின் இணையதளம், பிரிட்டனின் ஹெபடைடிஸ் சி டிரஸ்ட் ஆகிய மூன்றும் போதும். டிரஸ்ட் எழுதுவது அந்த நாட்டு நோயாளிகளுக்கு, அதனால் செலவு, மருத்துவமனை விவரமெல்லாம் இங்கே பொருந்தாது. ஆனால் நோயை விளக்கும் விதம் தெளிவாக இருக்கும். உங்களுக்கு ஆங்கிலம் வருமென்றால் படித்து, அப்பாவுக்குத் தமிழில் நீங்களே சொல்லுங்கள். வாட்ஸ்ஆப்பில் வருவதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

இன்னொன்று, அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். இதயத் துடிப்புக்கான அமியோடரோன் இருந்தால் சோஃபோஸ்புவிர் ஆபத்து. தினமும் அல்சர் மாத்திரை போட்டால் வெல்படஸ்விர் சரியாக ஏறாது. எச்.பி.எஸ்.ஏ.ஜி. பார்த்தாயிற்றா? சி-க்கு மாத்திரை ஆரம்பித்ததும் உள்ளே அடங்கிக் கிடந்த பி விழித்துக்கொள்ளலாம். அப்படி ஆகிக் கல்லீரல் செயலிழந்தவர்கள் உண்டு.

கே: கீழாநெல்லி சாப்பிட்டால் சரியாகிவிடுமா?

ப: ஆகாது. 1980-களில் சென்னையில் கீழாநெல்லியை வைத்துப் பெரிய ஆய்வுகள் நடந்தன, அவை பி-க்கு. அதிலும் முதலில் தெரிந்த நம்பிக்கை பிறகு உறுதிப்படவில்லை. சி-யை 12 வாரத்தில் விரட்டும் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும்போது ஒரு வருடத்தைக் கஷாயத்தில் தொலைக்காதீர்கள்.

கே: கணவருக்கு சி இருக்கிறது. மாமியார் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைக்கச் சொல்கிறார்.

ப: தேவையே இல்லை. தனியாக வைக்க வேண்டியவை ஷேவிங் பிளேடு, நகவெட்டி, பல் துலக்கும் பிரஷ். இது ரத்தத்தால் பரவுவது, சோற்றால் அல்ல.

கே: கத்தாரில் வேலை கிடைத்து, விசாவுக்கு மெடிக்கல் போனேன். ஆன்டிபாடி ரியாக்டிவ் என்று 'அன்ஃபிட்' போட்டுவிட்டார்கள். நான் மூன்று வருடம் முன்பே சிகிச்சை முடித்தவன், ஆர்.என்.ஏ. நெகட்டிவ். யாரிடம் முறையிடுவது? (ராமநாதபுரம் வாசகர்)

ப: இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பதினைந்து வருடமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஆற்றாமை குறையவில்லை.

ஆன்டிபாடி என்பது உடம்பு போட்ட சண்டையின் அடையாளம். கிருமி போன பிறகும் அது போகாது, அநேகமாக ஆயுள் முழுக்க இருக்கும். குணமானவரைப் பிடித்து ஆன்டிபாடி பார்த்தால் ரியாக்டிவ் என்றுதான் வரும். அதை வைத்து 'நோயாளி' என்று முத்திரை குத்துவது, சின்ன வயதில் அம்மை வந்த தழும்பைப் பார்த்து இன்றைக்கு அம்மை என்று வீட்டுக்குள் பூட்டுவதற்குச் சமம். இதை ஏஜென்ட் அறியாமலிருப்பது புரிகிறது. வெள்ளைக் கோட்டு போட்டவர்களும் இதையே செய்கிறார்களே என்பதுதான் என் வருத்தம். ஒரு மருத்துவமனையில், குணமாகி நாலு வருடமான என் நோயாளியின் ஹெர்னியா ஆபரேஷனைக் கடைசி கேஸாகத் தள்ளி, கட்டிலில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். பார்க்க வந்த சம்பந்தி அதைப் படித்துவிட்டார். அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தில் நடந்ததை இங்கே எழுத மாட்டேன். எல்லா நோயாளியின் ரத்தத்துக்கும் ஒரே மாதிரி எச்சரிக்கை போதும், ஸ்டிக்கர் எதற்கு?

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். எச்.ஐ.வி.க்கு 2017-இல் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஹெபடைடிஸ் சி அதில் இல்லை. வளைகுடா மெடிக்கலின் விதியை எழுதுவதும் நம் அரசு இல்லை. ஆகவே முறையீட்டை நம்பி இருக்கச் சொல்ல மாட்டேன். செய்யக்கூடியதைச் சொல்கிறேன். சிகிச்சை தந்த மையத்தில் 'சிகிச்சை முடிந்து 12 வாரத்துக்குப் பின் ஆர்.என்.ஏ. கண்டறியப்படவில்லை' என்று லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், முத்திரையோடு வாங்குங்கள். புதிதாக ஒரு ஆர்.என்.ஏ. சோதனையும் எடுங்கள். இரண்டையும் வைத்து, மறுபரிசீலனை செய்யச் சொல்லி மெடிக்கல் சென்டரிடமும் வேலை கொடுப்பவரிடமும் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில், வாயால் இல்லை. ஏற்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். ரிப்போர்ட்டை மாற்றித் தருகிறேன் என்று எவன் வந்தாலும் பத்து பைசா கொடுக்காதீர்கள். அங்கே போய் இறங்கியதும் மறுபடி ரத்தம் எடுப்பார்கள், திருப்பி அனுப்புவார்கள், கடன் மட்டும் மிஞ்சும். இனி வளைகுடா போக நினைப்பவர்கள் ஏஜென்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே ஆன்டிபாடி பார்த்துவிடுங்கள், பிறகு அல்ல.

கே: இதைப் பற்றி மனம்விட்டுப் பேச ஆளில்லை. என்னைப் போன்றவர்களை எங்கே பார்க்கலாம்? (சேலம் வாசகி)

ப: உங்களுக்கு எப்படி வந்தது என்பதைப் பொறுத்து இடம் மாறும். 2001 வாக்கில்தான் இந்தியாவில் தானம் பெற்ற ரத்தத்தில் சி சோதனை கட்டாயமானது. அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், ஹீமோஃபிலியா, தலசீமியா உள்ளவர்கள் பலருக்கு இது வந்திருக்கிறது. ஹீமோஃபிலியா சங்கக் கிளைகளில் இந்த அனுபவம் உள்ளவர்களைப் பார்க்கலாம். டயாலிசிஸ் என்றால் பக்கத்துக் கட்டில்காரரே உங்கள் துணை. எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால், எச்.ஐ.வி. உள்ளவர்களே நடத்தும் பாசிட்டிவ் நெட்வொர்க்குகள் நல்ல இடம். டெல்லியின் டி.என்.பி. பிளஸும் மணிப்பூரின் கோன் அமைப்பும் இலவச மருந்துக்காகப் பல வருடம் போராடியவை. இன்று நம் கைக்கு மாத்திரை சும்மா வருகிறதென்றால் அதில் அவர்கள் பங்கு உண்டு. எதுவும் பொருந்தவில்லையென்றால் சிகிச்சை மையத்தில் கவுன்சிலரைக் கேளுங்கள், மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறவர்களில் பேசக்கூடியவரை அவர் அறிந்திருப்பார். ராத்திரி தூக்கம் வராமல் மனம் கனத்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கே: கர்ப்பமாக இருக்கிறேன், சி இருக்கிறது என்கிறார்கள். குழந்தைக்கு வருமா?

ப: இருபதில் ஒரு குழந்தைக்கு. தாய்ப்பால் கொடுக்கலாம், காம்பு வெடித்து ரத்தம் வந்தால் மட்டும் ஆறும்வரை நிறுத்துங்கள். குழந்தைக்கு ஒன்றரை வயது ஆவதற்கு முன் ஆன்டிபாடி பார்த்து அழாதீர்கள், அது உங்களுடையதாக இருக்கும். உங்களுக்கான சிகிச்சை பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகுதான்.

கே: மலேசியாவில் கிள்ளானில் இருக்கிறேன். மருந்துக்கு இந்தியா வரவேண்டுமா?

ப: வேண்டாம். உங்கள் அரசு 2017-இல் சோஃபோஸ்புவிருக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமைக் கம்பெனியின் சம்மதம் இல்லாமலே மருந்தைப் பெறும் வழி) போட்டு, 2018 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறது. பக்கத்து கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) சோதனையைக் கேளுங்கள்.

கே: 84 நாளும் மாத்திரை முடிந்தது. உடம்பு நன்றாக இருக்கிறது. இனி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: உடம்பு நன்றாக இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது, கிருமி இருந்தபோதும் நன்றாகத்தானே இருந்தது. கடைசி மாத்திரை போட்ட நாளிலிருந்து 12 வாரம் எண்ணி ஆர்.என்.ஏ. பாருங்கள். ஆன்டிபாடி அல்ல, ஆர்.என்.ஏ.தான். கிருமி இல்லை என்று அதில் வந்தால் குணம். பலர் இந்தக் கடைசிச் சோதனைக்கு வருவதே இல்லை, பிறகு சான்று கேட்டு அலைகிறார்கள். ஏற்கெனவே சிரோசிஸ் இருந்திருந்தால் கிருமி போனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் விடாமல் எடுக்க வேண்டும், புற்றுநோய் அபாயம் முழுதாகப் போவதில்லை. ரத்ததானம் இனி கூடாது. மறுபடி தொற்றலாம், இதற்குத் தடுப்பூசி கிடையாது. பி-க்கு உண்டு, போட்டுக்கொண்டீர்களா? ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள்.