மல்டிமீட்டர் வாங்கிவிட்டேன், வீட்டுச் சாதனங்களைப் பழுது பார்க்க எங்கிருந்து தொடங்குவது?

அயர்ன் பாக்ஸ், ஃபேன், டிவி என்று வீட்டில் எது நின்றாலும் நாமே சரிசெய்ய முடியுமா, கையில் இருக்கும் மல்டிமீட்டரை வைத்து முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். மின்சாரம் உள்ளே நுழைகிற இடத்திலிருந்து ஆரம்பித்து, அது போகிற வழியிலேயே நீங்களும் போக வேண்டும். முதலில் சுவிட்ச் போர்டு, அடுத்து ப்ளக், ஒயர், சுவிட்ச், ப்யூஸ். மோட்டார், காயில், சர்க்யூட் போர்டு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இதை நான் ஒரு அயர்ன் பாக்ஸில் கற்றுக்கொண்டேன். சூடாகவில்லை என்றதும் காயில்தான் போயிருக்கும் என்று முடிவு செய்து, புதுக் காயில் வாங்கி மாட்டினேன். அப்போதும் சூடாகவில்லை. அதற்குப் பிறகுதான் மீட்டரை எடுத்தேன். கன்டின்யூட்டியில் (வழி அறுந்திராவிட்டால் மீட்டர் 'பீப்' அடிக்கும் நிலை) வைத்து, ஒரு முனையை ப்ளக் பின்னிலும் இன்னொன்றை ஒயர் உள்ளே போய்ச் சேரும் ஸ்க்ரூவிலும் வைத்தேன். சத்தம் இல்லை. ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டே வந்தபோது, பெட்டியின் கழுத்தருகே ஒரு இடத்தில் 'பீப்' என்று ஒரு நொடி கேட்டு நின்றது. அந்த இடத்தை வெட்டிப் பிரித்தேன். மேலே உறை புதுசு போல இருக்கிறது, உள்ளே செம்புக் கம்பிகள் அத்தனையும் அறுந்து, நுனி கறுத்துப் போயிருக்கின்றன. கழற்றிப் போட்ட பழைய காயிலை அளந்தேன். 53 ஓம். அதில் ஒரு குறையும் இல்லை.

இந்த 53 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 230 வோல்ட்டில் வேலை செய்யும் 1000 வாட் காயில் என்றால் 230-ஐ 230-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 53 ஓம். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் என்றால் 26-க்குப் பக்கத்தில். சாதனத்தின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வாட் இருக்கும், கணக்குப் போட்டுவிட்டு அளந்து பாருங்கள். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, சாதனத்தின் சுவிட்சையும் தெர்மோஸ்டாட் குமிழையும் 'ஆன்' நிலையில் வைத்து, லைன் பின்னுக்கும் நியூட்ரல் பின்னுக்கும் (ப்ளக்கின் சிறிய இரண்டு பின்கள்) இடையில் அளக்க வேண்டும். கணக்குக்குப் பக்கத்தில் வந்தால் வழி முழுக்கச் சரி. மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது, ஒவ்வொரு படியாக உள்ளே போங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட், அதை மறுபடி ப்ளக்கில் சொருகவே கூடாது. இந்தக் கணக்கு காயில் வைத்துச் சூடாக்கும் பொருட்களுக்கு மட்டும்தான். மோட்டாருக்கும் எலக்ட்ரானிக் போர்டுக்கும் இது ஒத்துவராது.

கையோடு இன்னொன்றும் பாருங்கள். எர்த் பின்னுக்கும் (ப்ளக்கின் பெரிய பின்) சாதனத்தின் உலோக உடம்புக்கும் இடையில் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். லைனுக்கும் உடம்புக்கும், நியூட்ரலுக்கும் உடம்புக்கும் இடையில், 20 மெகா ஓம் ரேஞ்சில் வைத்தாலும் எதுவும் காட்டக் கூடாது. "தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது, மற்றபடி நன்றாகத்தான் ஓடுகிறது" என்று சொல்லப்படும் பொருட்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

வழியில் தெர்மல் ப்யூஸ் அறுந்திருப்பதைப் பார்த்தால் அங்கே வெறும் ஒயரை வைத்து இணைத்துவிடாதீர்கள். அது ஒருமுறை அதிகச் சூட்டில் அறுந்து, தீப்பிடிக்காமல் காப்பாற்றியிருக்கிறது. ஏன் அவ்வளவு சூடானது என்று பார்த்துவிட்டு, அதே டிகிரியும் அதே ஆம்பியரும் உள்ள புதியதை நசுக்கி இணைக்கும் ஸ்லீவ் போட்டு மாட்டுங்கள். சோல்டர் செய்தால் (ஈயத்தை உருக்கி ஒட்டினால்) அந்தச் சூட்டிலேயே புதியதும் அறுந்துவிடும்.

சீலிங் ஃபேன் விஷயம் எளிது. சுவிட்ச் போட்டால் உம்மென்று சத்தம் மட்டும் வருகிறதா? குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றுகிறதா? கன்டென்சர்தான். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம் இது, கெப்பாசிட்டர் என்பதும் இதைத்தான். பல ஃபேன்களில் 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும், அதன் மேலேயே அச்சடித்திருப்பார்கள். வருஷக்கணக்கில் ஃபேன் மெல்ல மெல்ல வேகம் குறைந்திருந்தாலும் இதையே முதலில் சந்தேகப்படுங்கள். மெயினை ஆஃப் செய்துவிட்டுக் கழற்றி, இரண்டு முனைகளுக்கும் இடையில் ஒரு ரெசிஸ்டரை வைத்து சார்ஜ் இறக்கிய பிறகு அளக்க வேண்டும். குறைந்திருந்தால் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்டில் புதியது போடுங்கள். கையால் சுற்றினாலே இறுக்கமாக இருந்தால் அது பேரிங் கதை, கன்டென்சரை மாற்றிப் பயனில்லை.

டிவி, அடாப்டர் போன்றவற்றின் பவர் போர்டைத் தொடும் முன் இதைப் படித்துவிடுங்கள். 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது ஏறக்குறைய 325 வோல்ட் ஆகிறது. அந்த வோல்ட் பெரிய கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். ஒருமுறை ப்ளக்கைப் பிடுங்கி ரெண்டு நிமிஷம் கழித்து ஒரு டிவியின் பவர் போர்டைக் கையில் எடுத்தேன். இரண்டு விரல் பின்பக்கத்து சோல்டர் புள்ளிகளில் பட்டது. கை உதறி போர்டு தரையில் விழுந்தது. ப்ளக்கைத்தான் பிடுங்கிவிட்டோமே என்று நினைத்திருந்தேன். பிறகுதான் காரணம் புரிந்தது. நன்றாக ஓடுகிற போர்டு, ப்ளக்கைப் பிடுங்கியதும் அந்த சார்ஜைப் பெரும்பாலும் தானே குடித்துத் தீர்த்துவிடும். செத்துப்போன போர்டு குடிக்காது. பழுதானதற்குத்தான் அதிக பயம் வேண்டும். இப்போது முதல் வேலையாக டிசி வோல்ட்டில் வைத்து கெப்பாசிட்டர் முனைகளை அளக்கிறேன். வோல்ட் இருந்தால் சில ஆயிரம் ஓம், 5 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட ரெசிஸ்டரை இன்சுலேஷன் உள்ள பிடியால் பிடித்து, வோல்ட் இறங்கும் வரை வைத்திருக்கிறேன். சிலர் ஸ்க்ரூடிரைவரை வைத்து ஷார்ட் செய்வார்கள். தீப்பொறி பறக்கும், பாகமும் கெடும், வேண்டாம்.

பாதுகாப்பான பிறகு கண்ணாலேயே பாதி வேலை முடியும். போர்டில் நிற்கும் சிறிய உருளைக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ, அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதை மாற்ற வேண்டும். மைக்ரோஃபாரட் அதே, வோல்ட் அதே அல்லது கொஞ்சம் கூட, 105 டிகிரி வரை தாங்கும் வகை. ப்ளஸ் மைனஸ் மாறவே கூடாது. இவை சூட்டில்தான் சாகின்றன. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அதனால் ஹீட் சிங்கை (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) ஒட்டி நிற்பதை முதலில் பாருங்கள்.

கண்ணாடி ப்யூஸ் போயிருந்தால் அதன் நிறம் பேசும். உள்ளே கம்பி சும்மா அறுந்திருந்தால் வயதாகியிருக்கலாம். கண்ணாடி முழுக்கக் கறுத்தோ வெள்ளிப் பூச்சு போலவோ இருந்தால் பின்னால் பெரிய ஷார்ட் இருக்கிறது, புது ப்யூஸ் போட்டால் அதுவும் போகும். டயோடுகளையும் (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுபவை) ஸ்விட்ச்சிங் டிரான்சிஸ்டரையும் (மின்சாரத்தை வேகமாக ஆன், ஆஃப் செய்வது) அளந்த பிறகே மேலே போங்கள். அதற்கப்புறமும் நேராக மின்சாரம் கொடுக்காமல், பழைய டங்ஸ்டன் குண்டு பல்பு ஒன்றை, 60 அல்லது 100 வாட், லைனில் சீரிஸாக, அதாவது மின்சாரம் பல்பு வழியாகவே போர்டுக்குப் போகும்படி, வைத்துக் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. ஒருமுறை மின்னி மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. எல்இடி பல்பு இதற்கு உதவாது.

டெஸ்டரை மட்டும் நம்பி சுவிட்ச் போர்டைப் பார்க்க வேண்டாம். ப்ளக் பாயின்டின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை என்றால், பெரும்பாலும் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து லைனுக்கும் எர்த்துக்கும், லைனுக்கும் நியூட்ரலுக்கும் தனித்தனியாக அளந்தால் உடனே தெரிந்துவிடும். ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் அதன் முன்பக்க பல்பை மொபைல் கேமராவில் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான கேமராக்களில் வெளிச்சம் மின்னுவது தெரியும். மின்னினால் ரிமோட் சரி, டிவியின் பக்கம் பாருங்கள்.

மைக்ரோவேவ் ஓவனைத் திறக்காதீர்கள். உள்ளே இரண்டாயிரம் வோல்ட் அளவுக்கு உயர்மின்னழுத்தம் உண்டு, ப்ளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டரில் நிற்கும், ஆளைக் கொல்லும். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்துவதோ அழுத்துவதோ கூடாது. மின்சாரம் கசிந்தால் ட்ரிப் ஆகும் பிரேக்கரை பைபாஸ் செய்து எதையும் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

இன்றைக்கு மீட்டரை வைத்து என்ன செய்யலாம் என்றால், நன்றாக ஓடுகிற பொருட்களை அளந்து வையுங்கள். அயர்ன், ஹீட்டர், மிக்ஸி ஒவ்வொன்றையும் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு லைன்-நியூட்ரல், லைன்-உடம்பு, எர்த்-உடம்பு என்று மூன்று அளவு எடுத்து நோட்டில் எழுதி, தேதி போடுங்கள். அடுத்த முறை ஒன்று நின்றுபோகும்போது, எந்த அளவு மாறியிருக்கிறது என்பதில் இருந்தே தேட ஆரம்பிக்கலாம்.