நிலத்தை விற்காதீர்கள், இயற்பியலில் சேருங்கள்

ஐயா, உங்கள் மகளுக்கு இரண்டாவது முறையும் நீட்டில் அரசு இடத்துக்கான மதிப்பெண் வரவில்லை என்றதும் நீங்களும் அவள் அம்மாவும் உடைந்துபோனது புரிகிறது. ஆறுதல் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள், நான் விஷயத்துக்கு வருகிறேன். நிகர்நிலைப் பல்கலைக்கழக எம்பிபிஎஸ் இடத்துக்காக அந்த இரண்டு ஏக்கரை விற்காதீர்கள். ஆண்டுக் கட்டணமே பல இடங்களில் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. விடுதி, இதர செலவு எல்லாம் சேர்த்தால் ஒரு கோடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்புறம் எம்டி சீட்டுக்கு எதை விற்பீர்கள்? ‘நம்ம குடும்பத்தில் ஒரு டாக்டர் வேண்டாமா’ என்கிற பெரியப்பா ஒரு தவணையாவது கட்டுவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் மகள் என்னிடம் உற்சாகமாகப் பேசியது ஒரே விஷயத்தைப் பற்றி: பாட்டிக்குப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த பெட் (PET) ஸ்கேன். நுரையீரலில் 6 மில்லிமீட்டர் முடிச்சு, பெட் ஸ்கேனில் முடிவு சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது, சில மாதம் கழித்து சிடி எடுக்கவும் என்று ரிப்போர்ட். ‘இவ்வளவு பெரிய மிஷினுக்கு அது ஏன் சார் தெரியலை?’ என்றாள். டாக்டர் அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்பார். மிஷினுக்கு ஏன் தெரியவில்லை என்று குடைகிறவர்கள் இயற்பியல் படித்தவர்கள்.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஊசியில் ஏற்றுவது ஃபுளோரின்-18 என்கிற கதிரியக்க அணு ஒட்டிய சர்க்கரை. பல புற்றுநோய்ச் செல்கள் அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும். அந்த அணுவிலிருந்து வரும் பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து மறையும்போது இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர் திசையில் பாயும். உடலை வளையமாகச் சுற்றியிருக்கும், கதிரை உணரும் படிகங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்தால்தான் கணக்கில் வரும். வழக்கமான மிஷினில் அந்த வளையம் உடலின் நீளவாக்கில் 15 முதல் 25 செ.மீ. வரைதான். உடல் முழுவதிலிருந்தும் கிளம்பும் ஜோடிகளில் நூற்றுக்கு ஒன்றுகூடச் சிக்குவதில்லை. படத்தின் நுணுக்கமும் 4, 5 மி.மீ. அளவில் நின்றுவிடுவதால், 6 மி.மீ. முடிச்சின் ஒளி பக்கத்தில் கசிந்து மங்கிவிடும். பாட்டி மூச்சு விட விட அது நகர்வதால் இன்னும் கலங்கும்.

அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உள்ள சைமன் செர்ரி, ராம்சே பதாவி இருவரின் குழு இதற்காகத்தான் உடல் முழுவதையும் ஒரே நேரத்தில் மூடும் ஸ்கேனரைக் கொண்டுவந்தது. நீளம் 194 செ.மீ. மனிதர்களை வைத்து எடுத்த முதல் படங்கள் 2018இல் வந்தன. முழு உடல் படத்துக்கு உணர்திறன் வழக்கமான மிஷினைப் போல சுமார் 40 மடங்கு. செர்ரி படித்தது இயற்பியல்தான், பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

வேலை அதோடு முடியவில்லை. இரண்டு கதிர்களும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை 200 பிக்கோ செகண்ட் (ஒரு பிக்கோ செகண்ட் என்பது ஒரு செகண்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) துல்லியத்தில் அளந்தால், அவை கிளம்பிய இடம் 3 செ.மீ.க்குள் பிடிபடும், படத்தில் இரைச்சல் குறையும். 10 பிக்கோ செகண்டுக்கு இறக்கினால் ஒன்றரை மில்லிமீட்டர். அதற்கு வேகமான படிகம், மின்னணுச் சுற்று, நிரல் எல்லாம் வேண்டும். படிகத்தைத் தடிமனாக்கினால் கதிர்கள் அதிகம் சிக்கும். ஆனால் சாய்ந்து வரும் கதிர் எந்த ஆழத்தில் நின்றது என்று தெரியாமல் படம் மங்கும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். இப்படிப்பட்ட சிக்கலில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளப் பிடித்த பெண் அவள்.

வழி இதுதான். பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்கிறாள், அதனால் பி.எஸ்சி. இயற்பியலுக்குத் தடையில்லை. அரசுக் கல்லூரியில் ஆகும் செலவு, நீங்கள் நீட் கோச்சிங்குக்குக் கட்டியதில் ஒரு துளி. அதன்பின் மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்சி.; அண்ணா பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. சேரும் முன் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்தே தீர வேண்டும். ஒளிக்காமல் சொல்கிறேன்: நம் நாட்டில் இந்தப் படிப்புக்கு வேலை பெரும்பாலும் கதிரியக்கச் சிகிச்சைப் பிரிவில்தான், ஆரம்பச் சம்பளமும் டாக்டர் சம்பளம் ஆகாது. ஸ்கேனரையே மேம்படுத்த வேண்டும் என்றால் மூன்றாம் வருடத்தில் ‘ஜாம்’ தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. இயற்பியல், பிறகு உதவித்தொகையோடு பிஎச்.டி. ஸ்கேனர் தயாரிக்கும் ஜிஇ, சீமென்ஸ், பிலிப்ஸ் மூன்றுக்கும் பெங்களூரில் ஆராய்ச்சி மையங்கள் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. யாராவது பி.எஸ்சி. ரேடியாலஜியும் இதுவும் ஒன்றுதான் என்று சொன்னால் நம்பாதீர்கள். அது மிஷினை இயக்கும் டெக்னீஷியன் படிப்பு; நல்ல வேலைதான், ஆனால் இவள் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது.

மூன்றாவது முறை நீட் எழுத வேண்டுமா என்று அம்மா கேட்டார்கள். மகளிடம் கேளுங்கள், நீங்கள் இருவரும் மட்டும், உறவினர் யாரும் பக்கத்தில் இல்லாதபோது. அவள் ‘வேண்டாம்’ என்றால் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்புங்கள்.