வேதியியலில் பிஎச்.டி.: உதவித்தொகை யார் பெயரில் வருகிறது?

கேள்வி: எம்.எஸ்ஸி. வேதியியல் கடைசி செமஸ்டர். பிஎச்.டி. சேர ஆசை, வீட்டிலிருந்து பணம் எதிர்பார்க்க முடியாது. நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதுவதா, கேட் (ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் பட்டதாரித் திறனறித் தேர்வு) எழுதுவதா?
– வாசகி, புதுக்கோட்டை

பதில்: இரண்டையும் எழுதுங்கள். ஆனால் உழைப்பில் பெரும்பங்கு நெட்டுக்குப் போகட்டும். சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம்)–யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் உதவித்தொகை உங்கள் பெயரில் வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகமோ, மதுரை காமராஜரோ, ஹைதராபாத்தோ, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமோ, இடம் கிடைக்கும் இடத்துக்கு அதைக் கொண்டுபோகலாம். 2023 ஜனவரியிலிருந்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) ஆனதும் 42,000. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. கேட் மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும், ஐ.ஐ.டி.க்களின் கதவைத் திறக்கும். ஆனால் அங்கே பணத்தைத் தருவது அந்த நிறுவனம். பாதியில் வெளியேறினால் பணமும் நின்றுவிடும்.

நெட் வினாத்தாளில் பலர் சறுக்குவது பாடத்தில் அல்ல, தேர்ந்தெடுப்பதில். மொத்தம் 120 கேள்விகள், எழுத வேண்டியவை 75, நேரம் 3 மணி. ‘ஏ’ பகுதியில் 15, ‘பி’யில் 35 எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். ‘சி’யில் 60 கேள்வியில் 25, ஒவ்வொன்றுக்கும் 4. தவறான விடைக்குக் கால் பங்கு போய்விடும். ‘சி’யில் ஒரு தவறு என்றால் முழுதாக ஒரு மதிப்பெண். வரம்புக்கு மேல் விடையளித்தால் முதலில் உள்ளவையே திருத்தப்படும். அதனால் சந்தேகமாகக் குறித்த பழைய விடையை அழித்துவிட்டுத்தான் புதியதைத் தொட வேண்டும்.

இன்னொன்று: ‘நெட் பாஸ்’ வேறு, ஜே.ஆர்.எஃப். வேறு. உதவிப் பேராசிரியர் தகுதியோ, பிஎச்.டி. சேர்க்கைத் தகுதியோ மட்டும் கிடைத்தால் பல்கலைக்கழகம் நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 சதவீதம் கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். அதோடு பணம் எதுவும் வராது.

கேள்வி: நெட் இன்னும் கைகூடவில்லை. ஒரு பேராசிரியரின் 3 ஆண்டு ஆய்வுத் திட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள், அதிலேயே பிஎச்.டி.யும் பதியலாம் என்கிறார்கள். நம்பிச் சேரலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: சேரலாம், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு. முதல் கேள்வி, திட்டம் எந்தத் தேதியில் தொடங்கியது? நிதி ஒதுக்கீட்டு ஆணை வந்து, கருவி வாங்கி, விளம்பரம் கொடுப்பதற்குள் பல மாதம் ஓடியிருக்கும். தாளில் 3 ஆண்டு என்று இருந்தாலும் உங்களுக்கு மிஞ்சுவது இரண்டே ஆண்டாக இருக்கலாம். பிஎச்.டி.க்கோ யு.ஜி.சி. விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6. வேதியியலில் ஒரு சேர்மத்தைத் தயாரிக்கும் முறை நிலைபெறவே ஓராண்டு பிடிக்கும்; மூன்றில் முடிப்பவர்கள் குறைவு.

இரண்டாவது, நெறியாளரிடம் இடம் காலியாக இருக்கிறதா? ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வழிநடத்தலாம். திட்டத்தில் வேலைக்குச் சேருவதும் பிஎச்.டி. பதிவும் தனித்தனிக் காரியங்கள். நுழைவுத் தேர்வு, நேர்காணல் எல்லாம் உண்டு. இடம் இல்லையென்றால் இரண்டு ஆண்டு உழைத்தும் பதிவு எண் இல்லாமல் நிற்பீர்கள். வாய்ச்சொல் போதாது, அடுத்த சேர்க்கை அறிவிப்பில் அவர் பெயருக்கு நேரே எத்தனை இடம் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மூன்றாவது, பணம் தவணையாக வரும். முதல் தவணையின் செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றும் போய்ச் சேர்ந்த பிறகே அடுத்தது. கணக்குப் பிரிவில் ஒரு கோப்பு தேங்கினால் சம்பளமும் தேங்கும். மூன்று மாதச் செலவுக்குக் கையில் இருப்பு வைத்துக்கொண்டு போங்கள். திட்டத்தில் இருந்தபடியே நெட்டை விடாமல் எழுதுங்கள், ஜே.ஆர்.எஃப். வந்ததும் அதே லேபில் அதற்கு மாறிவிடலாம்.

அரசுக் கல்லூரியில் முழுநேரமாக ஆய்வு செய்ய நினைத்தால் தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை அறிவிப்பையும் கவனியுங்கள். பல்கலைக்கழக அளவில் எம்.எஸ்ஸி.யில் முதலிடம் பெற்றவர் என்றால் ‘இன்ஸ்பயர்’ உதவித்தொகையும் இருக்கிறது.

கேள்வி: யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப். கிடைத்துச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. ஒரு ரூபாய்கூட வரவில்லை. யாரைக் கேட்பது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: டெல்லிக்கு எழுதும் முன் உங்கள் பல்கலைக்கழக அலுவலகத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான். யு.ஜி.சி. உதவித்தொகை கனரா வங்கியின் இணையதளம் வழியே வருகிறது. உங்கள் விவரத்தை ஓர் அலுவலர் பதிய வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். அதன்பிறகும் நீங்கள் ஆய்வில் தொடர்கிறீர்கள் என்று மாதாமாதம் உறுதிசெய்ய வேண்டும். அந்த அலுவலர் விடுப்பில் போனால் அந்த மாதம் விட்டுப்போகும். ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் நேரில் போய் நினைவூட்டுவதில் தவறே இல்லை.

பெயர் எழுத்துகளையும் பாருங்கள். விருதுக் கடிதத்தில் இனிஷியல் முன்னாலும், ஆதாரில் தந்தை பெயர் முழுதாகப் பின்னாலும் இருந்தால் கணக்கு பொருந்தாமல் திரும்பும். ஆதாரோடு இணைத்த கணக்கைத்தான் கொடுக்க வேண்டும். வாடகைப்படிக்கு, விடுதி தரப்படவில்லை என்ற சான்று தனியாக வேண்டும். இரண்டாம் ஆண்டு முடியும் முன்பே, எஸ்.ஆர்.எஃப். உயர்வுக்கான மதிப்பீட்டுக் குழுவைக் கூட்ட நெறியாளரிடம் சொல்லிவையுங்கள். அதில் வெளி நிபுணர் ஒருவரும் உட்கார வேண்டும் என்பதால் தேதி கிடைப்பது லேசல்ல. தள்ளிப்போனால் 37,000-த்திலேயே நிற்பீர்கள்.

கேள்வி: நேர்காணலில் என்ன கேட்பார்கள்?
– வாசகர், ஈரோடு

பதில்: பெரும்பாலும் உங்கள் எம்.எஸ்ஸி. பிராஜெக்டிலிருந்தே தொடங்குவார்கள். “என்.எம்.ஆர். எடுத்தேன்” (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வுச் சோதனை) என்றால் சாக்பீஸை நீட்டுவார்கள். டியூட்டரேற்றப்பட்ட குளோரோஃபார்மில் எடுத்த கார்பன் என்.எம்.ஆரில் 77 பி.பி.எம். அருகே ஏன் மூன்று கோடுகள், ஏன் மூன்றும் ஒரே உயரம்? டியூட்டீரியத்தின் (கன ஹைட்ரஜன்) அணுக்கருச் சுழற்சி எண் 1; அதனால் 2×1+1 = 3 கோடுகள், விகிதம் 1:1:1. புரோட்டான் போல 1:2:1 என்று வரைந்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். விளைச்சல் எத்தனை சதவீதம், பொருளைப் பிரித்தெடுக்கும் குழாயில் (‘காலம்’) ஓட்டிய கரைப்பான் எது, என்ன விகிதம் என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். வேறு யாரோ எடுத்துத் தந்த தரவை நீங்கள் எடுத்ததாகச் சொல்லாதீர்கள்; அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: பிரிட்டன் பல்கலைக்கழக விளம்பரங்களில் ‘நிதியுதவி உண்டு’ என்று பார்க்கிறேன். முழுப் பணமும் தருவார்களா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விளம்பரத்தின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். யு.கே.ஆர்.ஐ. (பிரிட்டன் அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பு) நிதியில் வரும் இடமென்றால் வெளிநாட்டு மாணவரிடம் கட்டண வித்தியாசத்தை வசூலிக்கக் கூடாது. ஆனால் அந்த இடங்களில் அதிகபட்சம் 30 சதவீதம்தான் வெளிநாட்டவருக்கு. மற்ற நிதியில் உள்நாட்டுக் கட்டணம் மட்டும் கொடுத்துவிட்டு மீதியை உங்கள் தலையில் கட்டுவதும் உண்டு. ‘சொந்த நிதி உள்ளவர்கள் மட்டும்’ என்று இருந்தால் அங்கே பணமே கிடையாது. ஆய்வுத் தலைப்பு மட்டும்தான். விண்ணப்பிக்கும் முன் நெறியாளருக்கு ஒரே வரியில் எழுதிக் கேளுங்கள்: வெளிநாட்டு மாணவருக்கான முழுக் கட்டணமும் இதில் அடங்குமா, எத்தனை மாதங்களுக்கு?