செல்டிக் புலி, ஆசியப் புலி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

டப்ளினில் ஆறு வருடமாக ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் ஒரு கொரியர், இரண்டு ஐரிஷ்காரர்கள், வேல்ஸிலிருந்து வந்த ஒருவர், அப்புறம் நான். போன வாரம் மதியச் சாப்பாட்டின்போது ஒருவர் போனில் ஒரு பட்டியலைக் காட்டினார். நாடுவாரியாகத் தலைக்கு எவ்வளவு வருமானம் என்று போட்டிருந்தது. அயர்லாந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல். தென்கொரியா 35 ஆயிரத்தை ஒட்டி. "நாங்கள் செல்டிக் ஆட்கள், பாட்டும் பேச்சுமாக இருந்தே முன்னுக்கு வந்துவிட்டோம்" என்றார் ஐரிஷ்காரர். எங்கள் தமிழ் வாட்ஸாப் குழுவில் இதற்கு நேர் எதிராகப் பேசுவார்கள். ஆசியர்கள்தான் உழைப்பாளிகள், இங்கே உள்ளவர்கள் பப்பில் உட்கார்ந்து காலம் தள்ளுகிறவர்கள் என்று. வேல்ஸ் நண்பர் மட்டும் "நாங்களும் செல்டிக்தான்" என்று ஒரே வரி சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு இனத்தின் குணத்துக்கும் அதன் முன்னேற்றத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?

இன்னொன்று. என் மகள் பள்ளியில் ஐரிஷ் படிக்கிறாள். அவள் வகுப்பில் யார் வீட்டிலும் அதைப் பேசுவதில்லை. வசதி வந்தால் மொழி போய்விடுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்), டப்ளின்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வேல்ஸ் நண்பர் சொன்ன ஒரே வரியில் பாதிப் பதில் இருக்கிறது. அவரும் செல்டிக்தான். குணம்தான் காரணம் என்றால் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விளைவு அல்லவா வந்திருக்க வேண்டும்? பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸின் மேற்குப் பகுதியும் பழைய நிலக்கரிப் பள்ளத்தாக்குகளும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரியில் முக்கால் பங்கைக்கூட எட்டாத பகுதிகள் என்று பல வருடம் சிறப்பு நிதி வாங்கியவை. அயர்லாந்தோ அதற்குள் வேகமாக வளரும் பொருளாதாரம் என்பதால் 'புலி' என்று பெயர் வாங்கியிருந்தது.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். 'செல்டிக்' என்பதை ஒரு மொழிக்குடும்பத்தின் பெயராக நிலைநிறுத்தியவர் எட்வர்ட் லூயிட் என்ற வேல்ஸ் அறிஞர், 1707-ல். ஐரிஷ், வெல்ஷ், பிரெட்டன் போன்ற மொழிகள் உறவு உள்ளவை என்று அவர் காட்டினார். பின்னால் வந்தவர்கள் மொழியின் பெயரை இரத்தத்துக்கு ஒட்டிவிட்டார்கள். இந்தக் கதை நமக்குப் புதிதல்ல, 'திராவிடம்' என்ற மொழிப்பெயரும் இப்படித்தான் இனப்பெயரானது. இடையன்குடியில் வாழ்ந்து 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் பிறந்தது உங்கள் அயர்லாந்துத் தீவில்தான், ஆன்ட்ரிம் மாவட்டத்தில். 'ஆசியர்' என்பதில் அந்த அளவு மொழியுறவுகூடக் கிடையாது, அது வெறும் நிலப்பரப்பு. நூறு வருடத்துக்கு முன் கொரியாவுக்குப் போன வெளிநாட்டுப் பயணிகள் அங்குள்ளவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஐரிஷ்காரர்களைப் பற்றி ஆங்கிலேயர் எழுதியதும் அதேதான். நாடு வறுமையில் இருந்தால் மக்கள் சோம்பேறிகள், வசதி வந்ததும் உழைப்பாளிகள். இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பசியில் செத்தவர்கள்மீதே பழியைப் போடுகிற பேச்சு இது.

அடுத்து அந்தப் பட்டியல். அயர்லாந்தின் ஒரு லட்சம் டாலரை அப்படியே நம்ப வேண்டாம், அது உள்நாட்டு உற்பத்தியைத் தலைக்கு வகுத்து வரும் எண். 2015-ல் அந்த நாட்டின் உள்நாட்டு உற்பத்தி ஒரே வருடத்தில் 26 சதவீதம் உயர்ந்ததாகக் கணக்கு வந்தது. அந்த வருடம் வயலில் கூடுதலாக விளையவில்லை, ஆலைகளும் இரட்டிப்பாகவில்லை. சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைச் சொத்துகளைக் காகிதத்தில் அயர்லாந்துக்கு மாற்றின. எண் உயர்ந்ததற்கு முக்கியக் காரணம் அதுதான். அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே இது சரிவராது என்று 2017-ல் வேறோர் அளவையைக் கொண்டுவந்தது. அந்நாட்டு மக்களுக்குச் சேராத பெரிய தொகைகளைக் கழித்துவிட்டுப் பார்க்கும் தேசிய வருமானம் அது. 2022-ல் உள்நாட்டு உற்பத்தி 50 ஆயிரம் கோடி யூரோவைத் தாண்டியது. புதிய அளவையில் பார்த்தால் 27 ஆயிரம் கோடியை ஒட்டித்தான் வந்தது. பாதிதான் மிச்சம். அப்போதும் அது வசதியான நாடுதான். ஆனால் கொரியரைப்போல் மூன்று மடங்கு பணக்காரர் என்று உங்கள் ஐரிஷ் நண்பர் நினைத்தால் அவர் ஏமாந்திருக்கிறார்.

சரி, வளர்ச்சி எப்படி வந்தது? 1950-களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் அயர்லாந்தை விட்டுப் போனார்கள். 1961 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 28 லட்சம்தான். உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கு முன் 1841-ல் அதே நிலப்பரப்பில் 65 லட்சம் பேர் இருந்தார்கள். விடுதலை பெற்று நாற்பது வருடம் ஆகியும், சுங்கச் சுவர் எழுப்பித் தனியாக நின்று பார்த்தும், ஊர்கள் காலியாகிக்கொண்டே இருந்தன. 1958-ல் நிதித்துறைச் செயலாளர் டி. கே. விட்டேக்கர் இந்தப் பாதை தோற்றுவிட்டது என்று வெளிப்படையாக ஓர் அறிக்கை எழுதினார். அரசு அதிகாரி ஒருவர் தன் அரசின் கொள்கையைப் பற்றி அப்படி எழுதியதும், அடுத்த வருடம் பிரதமரான ஷான் லெமாஸ் அதை ஏற்றதும் சாதாரண விஷயம் இல்லை. 1959-ல் ஷானன் விமான நிலையத்தை ஒட்டி ஒரு வரியில்லா ஏற்றுமதி மண்டலம் வந்தது. 1980-ல் சீனாவிலிருந்து அங்கே வந்து அதைப் பார்த்துப் படித்துப் போன அதிகாரிகளில் ஒருவர் ஜியாங் ஜெமின், பிற்பாடு சீன அதிபரானவர். செல்டிக் நாட்டிடம் ஆசியா பாடம் கேட்டதும் நடந்திருக்கிறது. 1994-ல் ஒரு முதலீட்டு வங்கியின் பொருளியலாளர் கொரியா, சிங்கப்பூர் போன்ற கிழக்காசியப் புலிகளை நினைத்துத்தான் 'செல்டிக் புலி' என்ற பெயரை வைத்தார்.

அந்த வருடங்களில் எனக்கு மிகவும் பிடித்த நாள் 1966 செப்டம்பர் 10. கல்வி அமைச்சர் டோனா ஓ'மாலி, அமைச்சரவையின் ஒப்புதல் வாங்காமலே, மேல்நிலைக் கல்வி இனி இலவசம் என்று பத்திரிகையாளர் கூட்டத்தில் அறிவித்துவிட்டார். மறு வருடம் அது நடைமுறைக்கு வந்தது, இலவசப் பள்ளிப் பேருந்தோடு. அந்தப் பேருந்தில் போன கிராமத்துப் பிள்ளைகளின் தலைமுறைதான் பிற்பாடு மின்னணு ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தது.

இனி நான் உண்மையில் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். இரண்டு ஊர்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்று டப்ளினுக்குப் பக்கத்தில் உள்ள லெய்க்ஸ்லிப். 1989-ல் அமெரிக்கக் கணினிச் சில்லு நிறுவனமான இன்டெல் தன் ஆலைக்கு அதைத் தேர்ந்தெடுத்தது. அனுபவமுள்ள பொறியாளர்கள் அயர்லாந்தில் கிடைப்பார்களா என்று அந்த நிறுவனத்துக்குச் சந்தேகம். அயர்லாந்தின் தொழில் வளர்ச்சி ஆணையம் வெளிநாடுகளில் வேலை செய்த ஐரிஷ் பொறியாளர்களைத் தேடிப்பிடித்து, நல்ல வேலை இருந்தால் ஊர் திரும்புவீர்களா என்று விசாரித்து, அந்தப் பதில்களை நிறுவனத்தின் முன் வைத்தது. ஆலை வந்தது, இன்றும் இருக்கிறது. 2023-ல்கூடப் புதிய பிரிவு திறந்தார்கள்.

மற்றது வேல்ஸின் நியூபோர்ட். 1996-ல் கொரியாவின் எல்ஜி அங்கே 170 கோடி பவுண்ட் முதலீட்டில் ஆலைகள் கட்டப்போவதாகவும் 6,100 வேலைகள் வரும் என்றும் அறிவிப்பு. 25 கோடி பவுண்டுக்கு அருகில் அரசு உதவி தருவதாகப் பேச்சு. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடி ஒரு தலைமுறை வேலையில்லாமல் நின்ற பகுதி அது. மக்கள் எப்படி நம்பியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1997 கடைசியில் கொரியா நெருக்கடியில் விழுந்து பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டது. எல்ஜியின் சில்லுப் பிரிவு 1999-ல் ஹூண்டாயுடன் இணைக்கப்பட்டது. நியூபோர்ட்டில் சில்லு ஆலையின் கட்டடம் எழுந்து நின்றது, உள்ளே ஒரு சில்லுகூடத் தயாராகவில்லை. கணினித் திரைகளுக்கான ஆலையும் கொஞ்ச காலம் ஓடி மூடியது.

லெய்க்ஸ்லிப்பிலும் நியூபோர்ட்டிலும் உள்ளவர்கள் செல்டிக் ஆட்கள்தான். முதலீடு செய்தவர்களும் இரண்டு இடத்திலும் அந்நியர்கள்தான். வேறுபாடு, யார் கையில் என்ன இருந்தது என்பதில். அயர்லாந்திடம் தன் வரிவிகிதம், தன் கல்லூரிகள், ஐரோப்பாவில் தனக்கென்று ஓர் இருக்கை எல்லாம் இருந்தன. ஒரு நிறுவனம் போனால் அடுத்ததைக் கூப்பிடும் தெம்பு இருந்தது. 2009-ல் கணினி நிறுவனமான டெல் தன் லிமரிக் நகர உற்பத்தியைப் போலந்துக்கு மாற்றுவதாக அறிவித்து 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பியபோது ஊர் நொறுங்கியது, ஆனால் நாடு மீண்டது. 1996-ல் வேல்ஸுக்குச் சட்டமன்றமே கிடையாது. எந்த ஆலை வர வேண்டும், என்ன சலுகை என்பதில் கடைசி வார்த்தை லண்டனுடையது. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் இடம் என்றுதான் அது விற்கப்பட்டது. கூலி இன்னும் குறைவான இடம் கிடைத்ததும் ஒவ்வொருவராகப் போனார்கள். 2024-ல் வேல்ஸின் போர்ட் டால்பட்டில் டாடா தன் எஃகு ஆலையின் ஊதுலைகளை மூடியபோதும் முடிவெடுத்த மேசை வேல்ஸில் இல்லை.

கொரியாவின் வழி வேறு. அவர்கள் அந்நிய நிறுவனங்களை அதிகம் உள்ளே விடவில்லை. கடன் வாங்கி, வங்கிகளை அரசின் பிடியில் வைத்து, சொந்த நிறுவனங்களை வளர்த்தார்கள். அதனால்தான் அவர்களிடம் சாம்சங் இருக்கிறது. அயர்லாந்திடம் அப்படி ஒரு சொந்தத் தொழில்நுட்ப நிறுவனம் இல்லை, நிறுவன வரியில் பாதிக்கு மேல் பத்துப் பெரிய நிறுவனங்களிடமிருந்து வருகிறது. ஆனால் கொரியா கொடுத்த விலையைச் சொல்லாமல் விட என்னால் முடியாது. 1970 நவம்பரில் சியோலின் பியோங்ஹ்வா சந்தையில் ஜியோன் டே-இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி, ஏட்டில் மட்டும் இருந்த தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்தக் கோரித் தன்மீது தீ வைத்துக்கொண்டார். 'ஆசிய உழைப்பு' என்று நம் குழுக்களில் பெருமையாகச் சொல்கிறோமே, அதற்குள் இந்த உடலும் இருக்கிறது. இன்று அங்கே முதியவர்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட நாற்பது பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழ்கிறார்கள். 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 0.72. உலகத்தின் மிகக் குறைந்த எண்களில் ஒன்று. பிள்ளை பெற்றுக்கொள்ளவே தயங்கும் ஒரு சமூகத்தை வெற்றி பெற்றது என்று மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை.

வீட்டு வாடகையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, டப்ளினில் இருக்கிறீர்கள். 2025-ல் அயர்லாந்து முழுவதும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவசரத் தங்குமிடங்களில் இருந்தார்கள், பிள்ளைகளும் சேர்த்து. சிங்கப்பூரிலோ மக்களில் முக்கால்வாசிக்கு மேல் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். அதுவும் ஒரு முடிவுதான். 1960-ல் ஒரு வாரியம் அமைத்து, நிலத்தை அரசே கையகப்படுத்தி எடுத்த முடிவு.

இனி மகளின் ஐரிஷ். வசதி வந்ததால் மொழி போகவில்லை நண்பரே, வறுமையில்தான் போனது. 1851-ல் தீவில் 15 லட்சம் பேர் ஐரிஷ் பேசினார்கள். 1891-ல் 6 லட்சத்து 80 ஆயிரம். பஞ்சம் மிகக் கொடூரமாகத் தாக்கியது ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதியை. உயிர் தப்பியவர்களுக்குக் கப்பல் ஏற ஆங்கிலம் வேண்டியிருந்தது, தாயே பிள்ளைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். வேல்ஸில் நடந்ததைக் கவனியுங்கள். அங்கே நிலக்கரிச் சுரங்கம் வந்ததால் கிராமத்து மக்கள் அமெரிக்கா போகாமல் தெற்கு வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்குக்குப் போனார்கள், மொழியையும் கூடவே கொண்டுபோனார்கள் என்று பிரின்லி தாமஸ் என்ற பொருளியலாளர் வாதிட்டார். எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது. 1911-ல் வெல்ஷ் பேசியவர்கள் கிட்டத்தட்ட 10 லட்சம். 2021-ல் 5 லட்சத்து 38 ஆயிரம். அயர்லாந்தின் 2022 கணக்கில் சுமார் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர் ஐரிஷ் தெரியும் என்கிறார்கள், பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 72 ஆயிரம்தான்.

சிங்கப்பூரையும் சொல்ல வேண்டும், அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2.5 சதவீதம், இருபது வருடத்துக்கு முன்பைவிடக் குறைவு. பள்ளியும் வேலையும் ஆங்கிலத்தில் நடக்கும்போது, பாடமாக மட்டும் இருக்கும் மொழி வீட்டுக்குள் வருவது கடினம். உங்கள் மகளின் வகுப்பில் நீங்கள் பார்ப்பதும் அதுதான். தமிழைப் பாடமாக நடத்தாமல் வீட்டில் சண்டை போடவும் கதை கேட்கவும் அவளுக்குக் கொடுங்கள். டப்ளினில் எல்லாப் பாடமும் ஐரிஷிலேயே நடக்கும் பள்ளிகள் உண்டு, இடம் கிடைத்தால் அதையும் யோசிக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் கார்டிஃபில் ஒரு நண்பர் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். தெருவில் 'மெதுவாக' என்பதற்கு வெல்ஷில் 'அரவ்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். நண்பரின் ஐந்து வயது மகன் ஒவ்வொரு முறையும் அதைச் சத்தமாகப் படிப்பான். உங்கள் வேல்ஸ் நண்பரிடம் வெல்ஷ் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், அவர் எந்த ஊர் என்றும், 1996-ல் அவர் வீட்டில் யாராவது எல்ஜிக்கு விண்ணப்பம் போட்டார்களா என்றும் கேளுங்கள். சொன்னால் எனக்கு எழுதுங்கள்.