ஜூரி ட்யூட்டி: சம்பளம் வெட்டலாமா, வேலையை விட்டுத் தூக்கலாமா? – கேள்வி பதில்

அமெரிக்காவில் ஜூரி சம்மன் (வழக்கில் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவில் உட்கார வரச் சொல்லும் கோர்ட் கடிதம்) வந்தவர்களின் சம்பளம், விடுப்பு, வேலைப் பாதுகாப்பு பற்றிய கேள்விகள் மட்டும் இங்கே. கேள்வி அனுப்புவதற்கு முன் சம்மனின் தலைப்பைப் பாருங்கள். "யுனைடெட் ஸ்டேட்ஸ் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்" என்றிருந்தால் ஃபெடரல் கோர்ட். சுப்பீரியர் கோர்ட், கவுண்டி கோர்ட் என்றிருந்தால் மாநிலக் கோர்ட். இரண்டுக்கும் பணம் வேறு, விதி வேறு. எந்த மாநிலம், எந்தக் கோர்ட், உங்கள் சம்பளம் மணிக்கணக்கா மாதச் சம்பளமா என்ற மூன்றும் தெரியாமல் உருப்படியான பதில் சொல்ல முடியாது.

எடிசன், நியூ ஜெர்சி: சார், கவுண்டி கோர்ட்டிலிருந்து சம்மன். நாளுக்கு 5 டாலர் என்று போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. நியூ ஜெர்சி மாநிலக் கோர்ட்டில் முதல் மூன்று நாள் நாளுக்கு 5 டாலர், நான்காம் நாளிலிருந்து 40 டாலர். கோர்ட் தரும் இந்தத் தொகை சம்பளத்துக்கு ஈடு அல்ல. சம்பளம் வருமா என்பது கம்பெனி பாலிசியைப் பொறுத்தது. எம்ப்ளாயி ஹேண்ட்புக்கில் "ஜூரி ட்யூட்டி லீவ்" என்ற தலைப்பைத் தேடிப் படியுங்கள். பல கம்பெனிகள் ஐந்து நாள், பத்து நாள் என்று முழுச் சம்பளம் தருகின்றன. சம்மன் வந்த அன்றே அதைப் படம் பிடித்து மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் ஒரே மெயிலில், உங்கள் சொந்த மெயில் முகவரியையும் சேர்த்து, அனுப்புங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது. பின்னால் தகராறு வந்தால் கையில் நிற்பது அந்த மெயிலின் தேதிதான்.

ஃப்ரிமாண்ட், கலிஃபோர்னியா: கிரீன் கார்டில் இருக்கிறேன், எனக்கும் சம்மன் வந்திருக்கிறது. கிழித்துப் போட்டுவிடலாமா?

கூடாது. டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுக்கிறார்கள், அதனால் சிட்டிசன் அல்லாதவர்களுக்கும் வரும். ஜூரியில் உட்கார சிட்டிசனாக இருக்க வேண்டும். படிவத்தில் "சிட்டிசன் அல்ல" என்ற கட்டத்தில் குறியிட்டு, நகல் எடுத்து வைத்துக்கொண்டு திருப்பி அனுப்புங்கள். விஷயம் அதோடு முடியும்.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: அவசரத்தில் "ஆம், சிட்டிசன்" என்று குறியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். குடியுரிமை இருப்பதாகப் பொய்யாகச் சொல்வது குடியேற்றச் சட்டத்தில் நாடு கடத்தும் அளவுக்குப் பெரிய குற்றச்சாட்டு. ஏற்கெனவே அப்படி அனுப்பிவிட்டவர்கள் கோர்ட்டுக்குப் போன் செய்வதற்கு முன் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள்.

டல்லாஸ், டெக்சஸ்: மாதச் சம்பளம், ஓவர்டைம் கிடையாது. திங்கள் முதல் புதன் வரை ஃபெடரல் கோர்ட்டில் இருந்தேன். வியாழன், வெள்ளி ஆபீஸ் போனேன். பே ஸ்டப்பில் மூன்று நாள் சம்பளத்தை வெட்டியிருக்கிறார்கள். சரியா?

சரியில்லை. நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஓவர்டைம் இல்லாத "எக்ஸெம்ப்ட்" ஊழியருக்கு, ஒரு வாரத்தில் கொஞ்சமாவது வேலை செய்திருந்தால் அந்த வாரச் சம்பளம் முழுதாக வர வேண்டும். ஜூரி ட்யூட்டிக்குப் போன நாட்களுக்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று ஃபெடரல் ஊதிய விதி தனியாகவே சொல்கிறது. கம்பெனிக்கு உள்ள ஒரே சலுகை, அந்த வாரத்துக்குக் கோர்ட் தந்த ஜூரி ஃபீஸைக் கழித்துக்கொள்ளலாம் என்பது.

உங்கள் வாரச் சம்பளம் 2,000 டாலர் என்று வையுங்கள். ஃபெடரல் கோர்ட் ஃபீஸ் நாளுக்கு 50 டாலர், மூன்று நாளுக்கு 150. கம்பெனி அதிகபட்சம் 150 கழிக்கலாம், 1,850 தந்தே ஆக வேண்டும். மூன்று நாள் என்று 1,200 வெட்டியிருந்தால் 1,050 டாலர் அதிகமாகப் பிடித்திருக்கிறார்கள். மைலேஜ், பார்க்கிங்குக்காகக் கோர்ட் தந்தது செலவுப் பணம். அதை ஃபீஸோடு சேர்த்துக் கழிக்க இடம் இல்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை முழு வாரமும் கோர்ட்டில் கழிந்து, ஒரு வேலையும் செய்யவில்லை என்றால் அந்த வாரத்துக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. நீண்ட வழக்கில் மாட்டுபவர்களுக்கு அடி விழுவது இங்கேதான்.

பேரோலுக்குச் சண்டை போடும் தொனியில் எழுதாதீர்கள். தேதி, கோர்ட் தந்த வருகைச் சான்று, அந்த வாரத்தில் வேலை செய்த நாட்கள் ஆகியவற்றை வைத்து "திருத்தித் தாருங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் டைம்ஷீட்டில் "சம்பளமில்லா விடுப்பு" என்ற குறியீடு விழுந்திருக்கும், அதை மாற்றினால் போதும்.

ஹூஸ்டன், எச்.ஆர். பணியில் இருப்பவர்: மன்னிக்கவும், இது தவறான தகவல். வேலை செய்யாத நேரத்துக்குச் சம்பளம் தரத் தேவையில்லை, ஜூரி ட்யூட்டியும் அதில் அடக்கம் என்று தொழிலாளர் துறையே சொல்கிறது.

அந்த வாக்கியம் உண்மை. அது பொது விதி. மணிக்கணக்குச் சம்பளக்காரருக்கு அப்படியே பொருந்தும். எக்ஸெம்ப்ட் ஊழியருக்குச் "சாலரி பேசிஸ்" என்ற தனி நிபந்தனை இருக்கிறது. வாரச் சம்பளம் ஆட்டம் காணாமல் வந்தால்தான் ஓவர்டைம் தராமல் இருக்கும் உரிமையே கம்பெனிக்கு உண்டு. முறையில்லாமல் வெட்டுவதை வழக்கமாக்கினால் அந்த உரிமை பறிபோய், பழைய ஓவர்டைம் பாக்கி வரை வரும். கம்பெனியின் நலனுக்காகவே எச்.ஆர். இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதே ஹூஸ்டன் நண்பர்: அப்படியானால் அந்த மூன்று நாளையும் பி.டி.ஓ.வில் (ஊழியரின் சம்பளத்தோடு கூடிய சொந்த விடுப்பு) கழித்துக்கொள்ளலாம் அல்லவா? சம்பளம் முழுதாகத்தானே போகிறது?

ஒப்புக்கொள்கிறேன். ஃபெடரல் ஊதிய விதி அதைத் தடுப்பதில்லை. ஆனால் மாநிலச் சட்டம் குறுக்கே வரலாம். அரிசோனாவிலும் வர்ஜீனியாவிலும் ஜூரி ட்யூட்டிக்காக ஊழியரின் சொந்த விடுப்பைக் கட்டாயமாக எடுக்க வைக்கக் கூடாது. ஐந்து மாநிலங்களில் ஆள் வைத்திருக்கும் கம்பெனி ஒரே பாலிசியை ஐந்துக்கும் ஒட்டினால் இங்கே சிக்கும்.

சான் ஹோசே: முழு வாரமும் கோர்ட். இரவில் மெயில் பார்த்தேன், ஒரு கோட் ரிவ்யூ (புரோகிராம் சரிபார்ப்பு) முடித்தேன். அது வேலையில் சேருமா?

கோட் ரிவ்யூ வேலைதான். கம்பெனிக்குத் தெரிந்து, தடுக்காமல் செய்திருந்தால் "அந்த வாரத்தில் வேலையே செய்யவில்லை" என்று அவர்கள் சொல்ல முடியாது.

ஹூஸ்டன் நண்பர்: எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மெயில் அனுப்பிவிட்டு முழு வாரச் சம்பளம் கேட்பார்களே!

அதற்குக் கம்பெனியிடம் வழி இருக்கிறது. "ஜூரி ட்யூட்டி வாரத்தில் வேலை செய்ய வேண்டாம்" என்று எழுத்தில் சொல்லி லாக்இன்னை நிறுத்தி வைக்கலாம். அப்படிச் சொன்ன பிறகு ஊழியரும் திருட்டுத்தனமாகச் செய்யக் கூடாது. ஆனால் பகலில் கோர்ட், இரவில் டெலிவரி என்று வேலையும் வாங்கிக்கொண்டு சம்பளத்தையும் வெட்டுவது அநியாயம். அதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. இந்த விவாதத்தை இதோடு நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

க்வீன்ஸ், நியூயார்க்: உணவகத்தில் மணிக்கணக்கு வேலை. முதலாளி ஒரு பைசா தரமாட்டேன் என்கிறார்.

கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள்? பத்துக்கு மேல் என்றால், முதல் மூன்று நாளுக்கு ஜூரி ஃபீஸ் அளவு அல்லது உங்கள் தினக்கூலி, எது குறைவோ அதை முதலாளி தர வேண்டும். 2025 ஜூனிலிருந்து நியூயார்க்கில் ஜூரி ஃபீஸ் நாளுக்கு 72 டாலர், முன்பு 40. பத்துப் பேரோ அதற்குக் குறைவோ என்றால், முதலாளி தராத நாட்களுக்குக் கோர்ட்டே தரும். கிளம்பும்போது கவுண்டரில் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

முதலாளி தர வேண்டும் என்று சட்டம் சொல்லும் மாநிலங்கள் குறைவு. மாசசூசெட்ஸில் முதல் மூன்று நாள் வழக்கமான சம்பளம், நான்காம் நாளிலிருந்து மாநிலம் 50 டாலர் தரும். கனெக்டிகட்டில் முழுநேர ஊழியருக்கு முதல் ஐந்து நாள். கொலராடோவில் முதல் மூன்று நாள், நாளுக்கு 50 டாலர் வரை.

ஐர்விங், டெக்சஸ்: டெக்சஸில் எவ்வளவு?

மாநிலக் கோர்ட்டில் முதல் நாள் 20 டாலர், அடுத்த நாளிலிருந்து 58. இது 2023 செப்டம்பருக்குப் பிந்தைய தொகை. 6 டாலர், 40 டாலர் என்று சுற்றிக்கொண்டிருப்பது பழைய கணக்கு.

சன்னிவேல், கலிஃபோர்னியா: இங்கே மாநிலக் கோர்ட்டில் எவ்வளவு?

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளிலிருந்து 15 டாலரும் மைலேஜும். கம்பெனி சம்பளம் தர வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்லவில்லை. எக்ஸெம்ப்ட் என்றால் டல்லாஸ் பதிலைப் படியுங்கள்.

பிஸ்கேட்டவே, நியூ ஜெர்சி: நாளுக்கு 5 டாலர்தானா?

முதல் கேள்வியின் பதிலே உங்களுக்கும்.

சார்லட், நார்த் கரோலினா: எச்-1பி விசாவில் இருக்கிறேன், சம்மன் வந்தால்...

கிரீன் கார்டு நண்பருக்குச் சொன்னதேதான். "சிட்டிசன் அல்ல" கட்டம், நகல், திருப்பி அனுப்புதல். தவறான கட்டத்தில் குறியிடாதீர்கள்.

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்: சிட்டிசன்தான். வேலை அதிகம். "சிட்டிசன் அல்ல" என்று போட்டுத் தப்பிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். உறுதிமொழிக்குக் கீழே பொய் சொல்வது குற்றம். அந்தப் பதில் தேர்தல் அலுவலகத்துக்கும் போய் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயருக்கு ஆபத்து வரும். தேதி ஒத்துவரவில்லை என்றால் தள்ளிவைக்கக் கேளுங்கள். முதல் முறை கேட்பவருக்கு அநேகமாகக் கிடைக்கும். மாற்றுத் தேதியை நீங்களே சொல்லுங்கள். இந்தியாவுக்கு டிக்கெட் போட்டிருந்தால் அதன் நகலை இணையுங்கள். "ஆபீஸில் வேலை அதிகம்" என்பதைக் காரணமாக எழுதினால் பெரும்பாலும் எடுபடாது. பதிலே போடாமல் விடுவது எல்லாவற்றிலும் மோசம்: ஃபெடரல் சம்மனுக்கு 1,000 டாலர் வரை அபராதம், மூன்று நாள் வரை சிறை, சமூக சேவை ஆகியவற்றில் எதுவும் வரலாம்.

அட்லாண்டா, ஜார்ஜியா: கன்சல்டன்சி மூலம் கிளையண்ட் இடத்தில் வேலை. மணிக்கணக்கு டபிள்யூ-2 (ஊழியருக்கு முதலாளி தரும் வரிப் படிவம்). கிளையண்ட் "ஒரு வாரம் வராவிட்டால் வேறு ஆளை எடுப்போம்" என்கிறார்.

உங்களுக்கு டபிள்யூ-2 தருபவர்தான் உங்கள் முதலாளி. வேலைப் பாதுகாப்புச் சட்டம் அவரைக் கட்டும், அதாவது கன்சல்டன்சி உங்களை நீக்கக் கூடாது. கிளையண்ட் பிராஜெக்டை முடித்துக்கொள்வது சிக்கலான விஷயம், வக்கீலிடம் போக வேண்டியது. அதற்கு முன் இன்றே சம்மன் நகலைக் கன்சல்டன்சிக்கு அனுப்பி, கிளையண்ட் சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வையுங்கள். 1099-ல் (தனி ஒப்பந்தக்காரருக்கான வரிப் படிவம்) வேலை செய்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஊழியருக்கான சட்டம் அது.

பெயர் வேண்டாம்: அண்ணா, ஃபெடரல் ஜூரியில் இரண்டு வாரம் இருந்தேன். திரும்பி வந்த மூன்றாம் நாள் வேலை போய்விட்டது. "பர்ஃபார்மன்ஸ்" என்கிறார்கள்.

மனதைத் தளர விடாதீர்கள், உங்களுக்குச் சட்டத்தில் பலமான பிடி இருக்கிறது. ஃபெடரல் ஜூரி சேவைக்காக நிரந்தர ஊழியரை நீக்குவது மட்டுமல்ல, மிரட்டுவதும் நெருக்குவதும் கூடாது. மீறினால் இழந்த சம்பளம், மறுபடி வேலை, ஒவ்வொரு மீறலுக்கும் 5,000 டாலர் வரை அபராதம். சேவை நாட்கள் விடுப்பாகக் கணக்காகும், சீனியாரிட்டி குறையக் கூடாது. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று உட்கார்ந்துவிட வேண்டாம். அந்த டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டிலேயே மனு கொடுத்து, அதில் முகாந்திரம் இருப்பதாக நீதிபதி கருதினால் கோர்ட்டே வக்கீலை நியமிக்கும்.

"பர்ஃபார்மன்ஸ்" என்ற காரணத்தை உடைப்பது தேதிகள்தான். கடைசி மதிப்பீடு என்ன சொன்னது, சம்மன் கொடுத்த நாள் எது, அதன் பிறகு மேனேஜர் என்ன எழுதினார் என்று மூன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மெயில் போய்விடும் என்பதால்தான் சம்மன் மெயிலில் சொந்த முகவரியையும் சேர்க்கச் சொல்கிறேன்.

மாநிலக் கோர்ட் என்றால் கெடு முக்கியம். நியூ ஜெர்சியில் 90 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். டெக்சஸில் ஜெயித்தால் ஓராண்டு முதல் ஐந்தாண்டு சம்பளம் வரை நஷ்ட ஈடு கிடைக்கும்.

ரிச்மண்ட், வர்ஜீனியா: மருத்துவமனையில் நைட் ஷிஃப்ட். பகலில் கோர்ட், இரவில் வேலை என்றால் எப்படி?

வர்ஜீனியா சட்டம் உங்களைக் காப்பாற்றுகிறது. பயண நேரத்தையும் சேர்த்து அன்று நான்கு மணி நேரமோ மேலோ கோர்ட்டில் கழிந்திருந்தால், மாலை 5 மணிக்குப் பிறகு, மறுநாள் அதிகாலை 3 மணிக்கு முன் தொடங்கும் ஷிஃப்டுக்கு உங்களை வரச் சொல்லக் கூடாது. கோர்ட்டை விட்டுக் கிளம்பும்போது நேரம் குறித்த சான்று வாங்குங்கள். மிஷிகனிலும் இதுபோல உண்டு: கோர்ட் நேரத்தையும் வேலை நேரத்தையும் கூட்டினால் வழக்கமான வேலை மணியைத் தாண்டக் கூடாது.

அம்மாவுக்கு 74 வயது, சிட்டிசன், ஆங்கிலம் பேச வராது. சம்மன் வந்திருக்கிறது.

ஆங்கிலம் போதாது என்பதே தகுதியின்மை. படிவத்தில் அதற்கு இடம் உண்டு. நீங்கள் நிரப்பினால், யார் நிரப்பியது, ஏன் என்பதையும் எழுதுங்கள். ஃபெடரல் கோர்ட்டுகள் பலவற்றில் 70 வயது தாண்டியவர் கேட்டால் விலக்கு உண்டு. கேட்க வேண்டும், தானாக வராது.

உபர் ஓட்டுகிறேன். இரண்டு வாரம் போனால் வாடகை கட்ட முடியாது.

ஜூரி தேர்வின்போது நீதிபதி "யாருக்காவது கடும் சிரமமா?" என்று கேட்பார். அப்போது வாய்மொழியாக நிறுத்தாமல், கடந்த மூன்று மாத வருமான அறிக்கையையும் வாடகை ரசீதையும் கொடுங்கள். உங்களைப் போன்றவர்கள் விலகிப் போவதால் ஜூரியில் சம்பளம் வருபவர்கள் மட்டுமே மிஞ்சுகிறார்கள் என்பது உண்மையான குறை. இதற்காகத்தான் சான் பிரான்சிஸ்கோ 2022-ல், கிரிமினல் வழக்குகளில் குறைந்த வருமான ஜூரிகளுக்கு நாளுக்கு 100 டாலர் தரும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. மற்ற ஊர்களும் அதைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

ஜூரி ஃபீஸுக்கு வரி உண்டா? கோர்ட் தந்த செக்கைக் கம்பெனி கேட்கிறது.

வரி உண்டு. வருமான வரிப் படிவத்தோடு இணைக்கும் ஷெட்யூல் 1-ல் 8எச் என்ற இடத்தில் காட்டுங்கள். முழுச் சம்பளம் தந்ததற்காகக் கம்பெனியிடம் ஃபீஸைக் கொடுத்துவிட்டால், அதே தொகையை அதே தாளில் 24ஏ என்ற இடத்தில் கழியுங்கள். காட்டாமல் விட்டு "கொடுத்துவிட்டேனே" என்பது முறையல்ல. இரண்டு இடத்திலும் எழுத வேண்டும். கம்பெனியிடமிருந்து ரசீது வாங்குங்கள்.

ஃபெடரல் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்கும் ஜூரி) என்றால் எத்தனை நாள்?

பதினெட்டு மாதம் வரை இருக்கலாம், ஆனால் தினமும் அல்ல. அழைக்கும் நாட்களின் பட்டியலைக் கோர்ட்டில் வாங்கி மேனேஜரிடம் கொடுங்கள். வேலைப் பாதுகாப்பு அத்தனை மாதமும் உண்டு. 45 நாள் சேவைக்கு மேல் ஃபீஸ் 60 டாலர் வரை உயரலாம்.

"ஜூரிக்கு வரவில்லை, வாரண்ட் இருக்கிறது, கிஃப்ட் கார்டில் 900 டாலர் கட்டு" என்று போன் வந்தது.

மோசடி. எந்தக் கோர்ட்டும் போனில் பணம் கேட்காது. துண்டித்துவிட்டு, கோர்ட்டின் இணையதளத்தில் உள்ள எண்ணைப் பார்த்து நீங்களாக அழையுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடமும் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

ப்ளேனோ, டெக்சஸ்: சார், சம்மனைத் தொலைத்துவிட்டேன், திங்கட்கிழமை போக வேண்டும்.

நாளை காலை கவுண்டியின் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் அலுவலகத்தில் ஜூரிப் பிரிவைக் கேட்டு அழையுங்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி சொன்னால் ஜூரர் எண்ணைத் தருவார்கள். அந்த எண்ணை மேனேஜருக்கு மெயிலில் அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை டிரைவிங் லைசென்ஸோடு போங்கள். வருகைச் சான்றை மட்டும் வாங்காமல் வந்துவிடாதீர்கள்.