மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறது, உடம்புச் சூடும் இறங்கவில்லை. இது காய்ச்சலா?

கேள்வி: எனக்கு வயது 29. குழந்தைக்காக முயன்று வருகிறோம். கருமுட்டை வெளியாகும் நாளைத் தெரிந்துகொள்ள, மூன்று மாதமாகத் தினமும் காலையில் வெப்பநிலை பார்த்துக் குறித்து வைக்கிறேன். மாதத்தின் முதல் பாதியில் 97.2, 97.4 என்று இருப்பது, பிறகு 98, 98.2 என்று ஏறிவிடுகிறது. மாலையில் பார்த்தால் 99. வீட்டில் உள்காய்ச்சல் என்கிறார்கள். இந்த மாதம் மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறது, 18 நாளாகச் சூடு குறையவே இல்லை. பாராசிட்டமால் போடலாமா? ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: மாத்திரை வேண்டாம். முதலில் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் எண்களில் காய்ச்சலுக்கான அறிகுறி எதுவும் இல்லை. காய்ச்சல் என்று நாங்கள் கணக்கில் எடுப்பது பொதுவாக 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்துதான். மாலையில் எல்லோருக்குமே உடம்பு காலையைவிடக் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். அந்த 99-ஐ நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

சரி, மாதத்தின் நடுவில் ஏன் ஏறுகிறது? முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் கை ஓங்கியிருக்கும், உடம்பு சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும். கருமுட்டை வெளியானதும், அது இருந்த பை மஞ்சள் நிறத் திசுவாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்குகிறது. உடம்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியை இந்த ஹார்மோன் தொட்டு, அளவைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கிறது. அரை டிகிரி முதல் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறும். உங்கள் குறிப்பில் இருப்பது அப்படியே இதுதான். மூன்று மாதமும் இந்த ஏற்றம் இருப்பதால், கருமுட்டை ஒழுங்காக வெளியாகிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். குழந்தைக்காகக் காத்திருக்கும் உங்களுக்கு இது நல்ல சேதி.

கரு தங்காவிட்டால் அந்தத் திசு சுமார் இரண்டு வாரத்தில் சுருங்கிவிடும். புரோஜெஸ்டிரோன் இறங்கும், சூடும் இறங்கும், மாதவிலக்கு வரும். கரு தங்கிவிட்டால், அது அனுப்பும் எச்சிஜி என்ற ஹார்மோன் அந்தத் திசுவைச் சுருங்க விடாது. அதனால்தான் 18 நாளாகியும் சூடு இறங்காமல் இருந்தால் நாங்கள் முதலில் கர்ப்பத்தைச் சந்தேகிக்கிறோம். தள்ளிப்போய்விட்டதால் வீட்டிலேயே செய்யும் சிறுநீர்ப் பரிசோதனை போதும். காலையில் முதல் சிறுநீரில் பாருங்கள். இல்லை என்று வந்து, மாதவிலக்கும் வராவிட்டால், சில நாள் கழித்து இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் இல்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், ரத்தப் பரிசோதனை அப்போது போதும்.

இந்த வெப்பநிலைக் கணக்கை நம்பி முயற்சி செய்கிற பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. சூடு ஏறுவது கருமுட்டை வெளியான பிறகு. கருமுட்டை உயிரோடு இருப்பது 12 முதல் 24 மணி நேரம்தான். விந்தணு 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே வெப்பமானியில் ஏற்றம் தெரிந்த பிறகு சேர்ந்தால், பெரும்பாலும் தாமதமாகிவிட்டது என்றே பொருள். வெள்ளைக்கரு போல வழுவழுப்பான வெள்ளைப்படுதல் வருகிற நாட்கள்தான் முக்கியம். ஒருவேளை இந்த மாதம் கர்ப்பம் இல்லையென்றால், அடுத்த மாதம் அந்த நாட்களைக் கவனியுங்கள். வெப்பநிலையைக் கண் விழித்தவுடன், படுக்கையை விட்டு எழாமல், தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். எழுந்து நடமாடினாலோ, இரவு சரியாகத் தூங்காவிட்டாலோ, சளி பிடித்திருந்தாலோ எண் மாறும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரியாது.

பாசிட்டிவ் என்று வந்தால், அன்றோடு வெப்பமானியை எடுத்து வைத்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஒருநாள் 98.3, மறுநாள் 97.9 என்று பார்த்துவிட்டு, கரு கலைந்துவிட்டதோ என்று தூக்கமில்லாமல் தவிக்கும் பெண்கள் உண்டு. ஒருநாள் எண் குறைவதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. அதோடு, அந்த உயர்ந்த சூடு பிரசவம் வரை நீடிப்பதும் இல்லை. ஆரம்ப மாதங்களில் சற்று உயர்ந்திருந்து, மாதங்கள் ஏற ஏற மெல்லக் குறைகிறது. ஆனாலும் கடைசி மாதங்களில் உடம்பு எரிகிற மாதிரி இருக்கும், வியர்த்துக் கொட்டும். ரத்தத்தின் அளவு பெருகித் தோலுக்கு அதிக ரத்தம் பாய்வதால் வரும் உணர்வு அது. அளந்து பார்த்தால் எண் சாதாரணமாக இருக்கும்.

அதற்காக, கர்ப்பத்தில் சூடு சகஜம் என்று நிஜக் காய்ச்சலை விட்டுவிடாதீர்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற நரம்புக்குழாய், கருத்தரித்த நாலு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. அந்தச் சமயத்தில் கடும் காய்ச்சல் வந்தால், அதில் குறைபாடு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. 100.4-ஐத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். காய்ச்சலைக் குறைக்கப் பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது, அளவை அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகப் போடாதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடலாம். காய்ச்சலோடு சிறுநீர் எரிச்சல், அடிவயிற்று வலி, ரத்தப்போக்கு, துர்நாற்றத்துடன் நீர்க்கசிவு இதில் எது இருந்தாலும் மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொன்று, ஃபோலிக் அமிலம் எடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. குழந்தைக்கு முயலும்போதே தினம் 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும். இல்லையென்றால், பரிசோதனை முடிவு எப்படி வந்தாலும் இன்றே ஆரம்பித்துவிடுங்கள். வலிப்பு மாத்திரை எடுப்பவராகவோ சர்க்கரை நோய் உள்ளவராகவோ இருந்தால் அளவு கூடுதலாகத் தேவைப்படும், மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.