கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லும் பாஸ்டருக்கு உண்மையிலேயே ஆவிக்குரிய அதிகாரம் இருக்கிறதா? அதை எப்படி அறிவது?

காணிக்கைக் கணக்குக் கேட்டவர்களிடம் உங்கள் பாஸ்டர் "நான் அபிஷேகம் பண்ணினவர்களை நீங்கள் தொடாமல் இருங்கள்" என்ற வசனத்தைச் சொல்லி வாயை அடைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வசனத்திலேயே தொடங்குவோம். சங்கீதம் 105ஐ எடுத்து 12ஆம் வசனத்தில் இருந்து வாசியுங்கள். தொடாதே என்று அங்கே கடவுள் கண்டிப்பது ராஜாக்களை, சபையாரை அல்ல. யாரைத் தொடக் கூடாது? சொற்பப் பேராய், சொந்தக் காணி இல்லாமல், ஒரு தேசம் விட்டு மறுதேசம் அலைந்த ஆபிரகாமின் குடும்பத்தை. அதாவது இடம்பெயர்ந்த சனத்தைக் காக்கச் சொன்ன வசனம் அது. 2009 இறுதிப் போரில் முல்லைத்தீவுக் கரையோர மாத்தளன் வரைக்கும் பதுங்குகுழி வெட்டி வெட்டி ஓடின சனத்தின் முன்னால் நின்றுகொண்டு, அதை அவர்களுக்கே எதிராகத் திருப்புகிறார்கள். எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

நான் கிளிநொச்சிப் பக்கம், தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். போருக்குப் பிறகு இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் இருந்து சனம் திரும்பிய காலத்தில் தகரக் கொட்டில் சபைகள் நிறைய முளைத்தன. அவற்றில் அருமையான ஊழியர்கள் இருந்தார்கள். கிணறு இறைக்க வந்தவர்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள். ஆகவே பெரிய கோயில், சின்னக் கொட்டில் என்று வைத்து நான் அளப்பதில்லை. பட்டம் பெற்ற ஐயர் (போதகர்) என்பதாலேயே எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன்.

ஒன்றைச் சொல்கிறேன். எங்கட ஊரில் ஒரு அம்மா. போரின் கடைசி நாட்களில் வட்டுவாகலில் மகனைத் தவறவிட்டவர். வெளியில் இருந்து உபவாச ஜெபத்துக்கு வந்த ஒரு தீர்க்கதரிசி அவருடைய தலையில் கை வைத்து, "உங்கட மகன் ஒரு முகாமில இருக்கிறதை ஆண்டவர் காட்டுறார், நத்தாருக்கு முதல் வருவான், விசுவாசக் காணிக்கை வையுங்கோ" என்றார். அம்மா காதில் கிடந்த தோட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டார். நத்தார், அதாவது கிறிஸ்மஸ், வந்து போனது. பிறகு கேட்டதற்குக் கிடைத்த பதில்: "உங்கட விசுவாசம் காணாது அம்மா."

உபாகமம் 18:22 இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. கர்த்தரின் பெயரால் சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல, சொன்னவன் துணிகரத்தால் சொன்னான், "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்." குற்றம் முழுக்கச் சொன்னவன் தலையில். கேட்டவரின் விசுவாசத்தைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை.

அதே வலியை இன்னொருவர் எப்படிக் கையாண்டார் என்று பாருங்கள். 2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க இலங்கை அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை தரிசனம் எதுவும் சொல்லவில்லை. 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர் என்ற கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) கணக்கையும், வெளியே வந்தவர்கள் 282,380 பேர் என்ற ஐ.நா. கணக்கையும் வைத்தார். மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். யாரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு, கீழே தன் கையெழுத்து. அந்தக் கேள்வியால் அவருக்கு வந்தது காணிக்கை அல்ல, நெருக்கடிதான். நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனாலும் ஆவிக்குரிய அதிகாரம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்தான்.

ஆதித் திருச்சபைக்கும் இந்தத் தலையிடி இருந்திருக்கிறது. திதாக்கே என்ற மிகப் பழைய கிறிஸ்தவக் கையேடு, ஊர் ஊராய் வரும் ஊழியரை வரவேற்கச் சொல்கிறது. ஆனால் போகும்போது அடுத்த தங்குமிடம் வரைக்குமான அப்பத்துக்கு மேல் காசு கேட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. இல்லாதவர்களுக்காகக் கேட்டால் அவரை நியாயந்தீர்க்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. பவுலும் தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்றுதான் எழுதினார் (1 கொரிந்தியர் 14:29). பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அதற்காக அவர்களை மெச்சுகிறது. பவுலையே சரிபார்க்கலாம் என்றால் உங்கள் பாஸ்டர் எம்மாத்திரம்?

பிரசங்க வல்லமை, அந்நியபாஷை, சுகமளிப்பு இவற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள். அற்புதம் செய்தோமே என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் பலரை அறியேன் என்பேன் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் (மத்தேயு 7).

இனி உங்கள் விஷயம். ஆராதனை முடிந்த பிறகு, சபையில் மூத்தவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய், கணக்குக் கொப்பியைப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள். எடுத்துக் காட்டினால், அல்லது ஒரு நாள் சொல்லி அந்த நாளில் காட்டினால், சந்தோஷமாக அங்கேயே இருங்கள். அடுத்த ஞாயிறு, மோசேயை எதிர்த்ததால் பூமி விழுங்கின கோராகின் கதையைப் பிரசங்கித்து உங்களைப் பூமி விழுங்கும் என்றால் வேறு சபை பாருங்கள். வீட்டுக்கு வந்து சாபம் சொன்னாலும் பதற வேண்டாம், உபாகமம் 18:22ஐத் திறந்து காட்டுங்கள்.